ஏட்டில் ஏறாத உழைப்பு

பாடம் – உரைநடை

நுழையும் முன்

பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் ஆட்டம் தொடங்கும்போது மட்டை பிடிக்கப் பலர் முன்வருவர். பந்து வீசவும் பலர் முன்வருவர். எல்லைக்கோட்டருகே நின்று பந்தைத் தடுக்க விரும்பி முன்வருவோர் மிகச் சிலரே. மட்டையும் பந்தும் கிடைக்காதவருக்கு ஒதுக்கப்படும் எஞ்சிய வேலையாகவே களத்தடுப்பு கருதப்படுகிறது. பன்னாட்டு அணிகள் சிலவும் நெடுங்காலம் அவ்வாறே கருதின. அவ்வெண்ணம் எவ்வாறு மாறியது, எந்த நாட்டு அணி எதைக் கற்பித்தது, பயிற்சி எதைச் சாதித்தது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஒரே மைதானம், மூன்று ஆட்டங்கள்

வானவடியிலிருந்து புனே நகரைக் கடந்து மும்பை விரைவுச்சாலைப் பக்கம் சென்றால் கஹுஞ்சே என்னும் ஊர் வரும். மகாராஷ்டிரக் கிரிக்கெட் சங்கத்தின் மைதானம் அங்கே அமைந்துள்ளது. அம்மைதானத்தின் முதல் டெஸ்ட் ஆட்டம் 2017 பிப்ரவரி 23 அன்று தொடங்கியது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. முதல் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியா 260 ரன் எடுத்தது. இந்தியா 105 ரன்னில் சுருண்டது. கடைசி ஏழு விக்கெட்டுகள் 11 ரன்னுக்குள் வீழ்ந்தன.

எனினும் ஆட்டம் அப்போதே முடிந்துவிடவில்லை. இரண்டாம் இன்னிங்ஸில் ஆஸ்திரேலியாவை விரைவில் வீழ்த்தினால் இந்தியா மீண்டெழ வழியிருந்தது. ஆடுகளமும் சுழற்பந்துக்கு உகந்ததாக இருந்தது. ஆஸ்திரேலிய அணித்தலைவர் ஸ்டீவ் ஸ்மித் முப்பது ரன்னை எட்டும் முன்னரே அவர் அடித்த பந்து களத்தடுப்பாளரின் கைக்கு வந்து நழுவியது. அதன் பின்னும் வாய்ப்புகள் வந்தன, அவையும் நழுவின. ஸ்மித் 109 ரன் எடுத்தார். இந்தியா 107 ரன்னில் மீண்டும் ஆட்டமிழந்து 333 ரன் வேறுபாட்டில் தோற்றது. ஸ்மித்தின் பிடிகள் அனைத்தையும் எடுத்திருந்தாலும் இந்தியா தோற்றிருக்கக்கூடும். மட்டையாளர்களின் வீழ்ச்சி அத்துணைப் பெரியது. ஆனால், போராடுவதற்கு இருந்த ஒரே வழியை நழுவிய பந்துகளே அடைத்தன என்பதில் ஐயமில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்னும் பழமொழி அன்று களத்தில் மெய்யாயிற்று.

2019 அக்டோபரில் அதே மைதானத்தில் இந்தியா தென்னாப்பிரிக்காவை எதிர்கொண்டது. விராட் கோலி 254 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். அந்த எண்ணிக்கை எல்லோர் நினைவிலும் நின்றது. ஆயினும் அவ்வாட்டத்தைக் கண்டவர்கள் விக்கெட் காப்பாளர் விருத்திமான் சாஹாவையும் மறக்கவில்லை. உமேஷ் யாதவ் வீசிய பந்துகளில் தியூனிஸ் டி புருயின் இரண்டு இன்னிங்ஸ்களிலும் சாஹாவிடம் பிடி கொடுத்தார். இரண்டும் எளிய பிடிகள் அல்ல. உடலை நீட்டிப் பாய்ந்து எடுத்தவை. இந்தியா ஓர் இன்னிங்ஸும் 137 ரன்னும் என்ற வேறுபாட்டில் வென்றது.

மூன்றாவது ஆட்டம் 2023 அக்டோபர் 19 அன்று நிகழ்ந்தது. அது உலகக் கோப்பைப் போட்டி. எதிரணி வங்கதேசம். பும்ரா வீசிய பந்தை முஷ்பிகுர் ரஹீம் வேகமாக அடித்தார். ரவீந்திர ஜடேஜா வலப்புறம் பாய்ந்து அதைப் பிடித்தார். எழுந்தவர் தம் கழுத்தைச் சுட்டிக்காட்டி, பதக்கம் அணிவிக்குமாறு அணியின் பயிற்சியாளருக்குச் சைகை செய்தார். அந்தச் சைகையின் பொருளை இப்பாடத்தின் பிற்பகுதியில் காணலாம்.

ஏட்டின் குறை

கிரிக்கெட் ஆட்டத்தின் ஒவ்வொரு நிகழ்வும் ஆட்ட ஏட்டில் பதியப்படுகிறது. மட்டையாளர் எடுத்த ரன், வீச்சாளர் வீழ்த்திய விக்கெட், உதிரி ரன்கள் ஆகிய அனைத்துக்கும் அதில் இடமுண்டு. களத்தடுப்பாளருக்கு மட்டும் ஏடு கஞ்சத்தனம் காட்டுகிறது. அவர் பிடியெடுத்தால் வீச்சாளரின் பெயரோடு அவர் பெயரும் சேரும். பிடியைத் தவறவிட்டால் ஏட்டில் எந்தத் தடமும் இராது. நான்கு ரன் செல்லவேண்டிய பந்தைப் பாய்ந்து தடுத்து ஒரே ரன்னாகக் குறைத்தால் அந்த மூன்று ரன் எங்கும் எழுதப்படாது. ரன் அவுட் செய்தவரின் பெயரைக்கூடப் பழைய ஆட்டக் குறிப்புகள் கூறுவதில்லை. ‘ரன் அவுட்’ என்று மட்டுமே அவற்றில் காணப்படும்.

எழுதப்படாத உழைப்பை மதிப்பவர் குறைவு. மதிப்பு குறைந்த வேலைக்குப் பயிற்சி அளிக்க எவரும் முனைவதில்லை. களத்தடுப்பு நெடுங்காலம் பின்தங்கியிருந்ததற்கு இதுவே முதற்காரணம்.

ஏவலர் வேலை என்னும் எண்ணம்

இந்தியாவில் இதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. அதை அறிய புனே நகரின் பழைய வரலாற்றுக்குச் செல்ல வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் பல்வங்கர் பாலு என்னும் இளைஞர் புனேயில் வாழ்ந்தார். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை இராணுவம் சார்ந்த பணியில் இருந்தார். பாலு ஆங்கிலேயர் சங்கம் ஒன்றில் ஆடுகளத்தைச் சமன் செய்தார், வலை கட்டினார், உறுப்பினர்கள் பயிற்சி பெற மணிக்கணக்கில் பந்து வீசினார். ஆனால், மட்டை பிடிக்க அவருக்கு வாய்ப்பளிக்கப்படவில்லை. மட்டை எசமானருக்கு உரியது. பந்து வீசுவதும் பொறுக்குவதும் ஏவலருக்கு உரியவை என்ற பிரிவு அக்காலத்தில் நிலவியது.

பாலுவின் திறமையைக் கண்டு புனேயின் இந்துச் சங்கம் அவரை அணியில் சேர்த்துக்கொண்டது. களத்தில் பிறரோடு ஒரே பந்தைத் தொட்டு ஆடியவருக்கு, தேநீர் இடைவேளையில் வெளியே தனியே மண்குவளையில் தேநீர் கொடுக்கப்பட்டது. அந்தப் பாலுதான் 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

இந்தியக் களத்தடுப்பின் முதல் பெரும் வீரராகப் போற்றப்படும் ஏக்நாத் சோல்கரும் உழைப்பாளர் குடும்பத்தில் பிறந்தவரே. அவருடைய தந்தை மும்பையில் இந்து ஜிம்கானா மைதானத்தின் பராமரிப்பாளர். சோல்கர் மட்டையாளருக்கு இரண்டு மூன்று மீட்டர் தொலைவில், ஷார்ட் லெக் என்னும் இடத்தில் நிற்பார். தலைக்கவசம் வழக்கத்திற்கு வராத காலம் அது. பேடி, பிரசன்னா, சந்திரசேகர், தமிழ்நாட்டின் வெங்கட்ராகவன் ஆகிய நால்வரும் அப்போது இந்தியாவின் சுழற்பந்து வீச்சாளர்கள். சுழலும் பந்து மட்டையிலும் கால்காப்பிலும் பட்டு மெல்ல எழும். அதை எடுக்க அருகே ஒருவர் அஞ்சாது நிற்காவிடில் அந்தச் சுழலால் பயனில்லை.

1971 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் இது நிலைநாட்டப்பட்டது. இரண்டாம் இன்னிங்ஸில் இங்கிலாந்து 101 ரன்னில் வீழ்ந்தது. சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். வெங்கட்ராகவனின் பந்தில் ஆலன் நாட் கொடுத்த தாழ்ந்த பிடியைச் சோல்கர் முன்னே பாய்ந்து எடுத்தார். இந்தியா நான்கு விக்கெட் வேறுபாட்டில் வென்று, இங்கிலாந்து மண்ணில் முதன்முறையாகத் தொடரைக் கைப்பற்றியது.

எனினும் சோல்கர் தனிமனிதத் திறமைக்கு எடுத்துக்காட்டே அன்றி அணியின் பயிற்சிக்கு எடுத்துக்காட்டு அல்லர். அவருக்குப் பின் அவ்விடத்தில் நிற்க எவரையும் முறையாகப் பழக்கும் ஏற்பாடு அன்று இல்லை.

விநாடியின் கணக்கு

களத்தடுப்புக்குப் பயிற்சி ஏன் இன்றியமையாதது என்பதைச் சிறு கணக்கு ஒன்று தெளிவாக்கும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து விநாடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர் செல்கிறது. தரையில் பட்டு வேகம் குறைந்து, மட்டையின் விளிம்பில் உரசி ஸ்லிப் பகுதிக்கு வருகையில் விநாடிக்கு 30 மீட்டர் எனக் கொள்வோம். களத்தடுப்பாளர் 15 மீட்டர் தொலைவில் நின்றால் அவருக்குக் கிடைப்பது அரை விநாடி மட்டுமே.

ஷார்ட் லெக்கில் நிற்பவரின் நிலை இன்னும் கடினமானது. பந்து விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வந்தாலும் இரண்டரை மீட்டரைக் கடக்க விநாடியில் ஆறில் ஒரு பங்கே ஆகும். ஒன்றைக் கண்டு உடல் அசையத் தொடங்குவதற்கே மனிதருக்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு தேவை. எனவே, பந்தைப் பார்த்த பின் கையை நீட்டுபவர் அதைப் பிடிக்க முடியாது. மட்டையாளரின் காலும் மணிக்கட்டும் திரும்புவதைக் கண்டு, பந்து வரும் திசையை முன்கூட்டியே உணர வேண்டும். அவ்வுணர்வு ஆயிரம் முறை பழகியவருக்கே வாய்க்கும்.

ரன் அவுட்டிலும் கணக்கு உண்டு. இரு கிரீஸ் கோடுகளுக்கும் இடையே உள்ள தொலைவு 17.68 மீட்டர். மட்டையாளர் அதை ஏறத்தாழ மூன்று விநாடியில் ஓடிக் கடக்கிறார். 25 மீட்டர் தொலைவிலிருந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் பந்து ஒரு விநாடியில் விக்கெட்டை அடைகிறது. மீதி இரண்டு விநாடிக்குள் களத்தடுப்பாளர் பந்தை அடைந்து, குனிந்து, எடுத்து, எறிந்தாக வேண்டும். குனியும்போது அரை விநாடி தடுமாறினால் மட்டையாளர் அதற்குள் மூன்று மீட்டர் ஓடிவிடுவார்.

நாடுகள் கற்பித்த பாடங்கள்

களத்தடுப்பு ஆட்டத்தின் முடிவையே மாற்றும் என்பதை மேற்கிந்தியத் தீவுகள் அணி முதல் உலகக் கோப்பையிலேயே காட்டியது. 1975 ஜூன் 21 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலிய மட்டையாளர் ஐவர் ரன் அவுட் ஆயினர். அவர்களுள் மூவரை வீழ்த்தியவர் விவியன் ரிச்சர்ட்ஸ். மட்டையால் அன்று அவர் பெரிதாகச் சாதிக்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகள் 17 ரன் வேறுபாட்டில் கோப்பையை வென்றது.

அடுத்த பாடத்தைத் தென்னாப்பிரிக்கா கற்பித்தது. 1992 மார்ச் 8 அன்று பிரிஸ்பேன் நகரில் பாகிஸ்தானின் இன்சமாம் உல் ஹக் 48 ரன் எடுத்திருந்தார். பந்தைக் கையில் எடுத்த ஜான்டி ரோட்ஸ் அதை எறியாமல் விக்கெட்டை நோக்கி ஓடி, உடலோடு பாய்ந்து மூன்று குச்சிகளையும் சாய்த்தார். தென்னாப்பிரிக்கா 20 ரன் வேறுபாட்டில் வென்றது. மறு ஆண்டு மும்பை பிரபோர்ன் மைதானத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவர் ஐந்து பிடிகள் எடுத்தார். விக்கெட் காப்பாளர் அல்லாத ஒருவர் ஒரு நாள் பன்னாட்டு ஆட்டத்தில் ஐந்து பிடிகள் எடுத்தது அதுவே முதன்முறை. ரோட்ஸ் இளமையில் ஹாக்கியும் திறம்பட ஆடியவர். தாழக் குனிந்து ஓடும் பழக்கம் ஹாக்கி வீரருக்கு இயல்பாக அமைகிறது.

ஆஸ்திரேலியா மற்றொரு விளையாட்டிலிருந்து ஆசிரியரையே வரவழைத்தது. மைக் யங் அமெரிக்காவில் பேஸ்பால் பயிற்றுவித்தவர். அவரை ஆஸ்திரேலிய அணி களத்தடுப்புப் பயிற்சிக்கு அமர்த்தியது. பேஸ்பாலில் ஓடிக்கொண்டே பந்தை எடுத்துக் குறி தவறாமல் எறிவது அடிப்படைத் திறன். அதைக் கிரிக்கெட் வீரருக்குக் கற்பித்தபோது எறிதலின் வேகமும் துல்லியமும் உயர்ந்தன. உலகின் முதல்நிலை அணி, பேஸ்பால் பயிற்றுநரிடம் பாடம் கேட்கத் தயங்கவில்லை என்பது கருதத்தக்கது.

நியூசிலாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ ஐம்பது இலட்சம். புனே மாநகரப் பகுதியின் மக்கள்தொகை அதைவிட மிகுதி. ஆள்வளம் குறைந்த அந்நாடு களத்தடுப்பைத் தன் வலிமையாக்கிக் கொண்டது. 2019 ஜூலை 10 அன்று மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவின் நம்பிக்கை மகேந்திர சிங் தோனியிடம் இருந்தது. அவர் இரண்டாவது ரன்னுக்கு ஓடினார். தொலைவிலிருந்து மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து நேரே குச்சியைத் தாக்கியது. அத்தொடரில் மட்டையால் பெரும்பாலும் தடுமாறிய கப்டில், ஒரே எறிதலால் தம் நாட்டை இறுதியாட்டத்துக்கு இட்டுச் சென்றார். இந்தியா 18 ரன் வேறுபாட்டில் தோற்றது.

இலங்கை கற்பித்த பாடம் பொறுமை. முத்தையா முரளிதரனின் சுழற்பந்தில் மட்டையின் விளிம்பில் பட்டு வரும் பந்துகளை மகேல ஜயவர்தன ஸ்லிப்பில் நின்று எடுத்தார். டெஸ்ட் ஆட்டங்களில் இவ்விருவரின் பெயரும் சேர்ந்து ஏட்டில் 77 முறை இடம்பெற்றன. வீச்சாளரின் புகழில் களத்தடுப்பாளரின் கைகளுக்கும் பங்குண்டு என்பதற்கு இது சான்று.

இந்தியாவுக்கு மைதானமே ஒரு தடையாக இருந்தது. புல் அடர்ந்த மென்மையான தரையில் விளையாடும் சிறுவர் அச்சமின்றிப் பாய்ந்து விழக் கற்கின்றனர். காய்ந்த மண்ணும் சிறுகற்களும் நிறைந்த களத்தில் வளரும் சிறுவர், விழுந்தால் முழங்கை கிழியும் என்பதையே முதலில் கற்கின்றனர். எனவே, பாயாத பழக்கம் சோம்பலால் மட்டும் வந்ததன்று.

பயிற்றுநர் வருகை

இந்திய அணி களத்தடுப்புக்கெனத் தனிப் பயிற்சியாளரை அமர்த்தியபோது நிலை மாறத் தொடங்கியது. 2007 முதல் 2009 வரை அப்பணியில் இருந்தவர் ராபின் சிங். மேற்கிந்தியத் தீவுகளின் டிரினிடாடில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த இவர், 1980களில் சென்னைக்கு வந்து தமிழ்நாட்டு அணிக்காக ஆடினார். 1987–88 பருவத்தில் ரஞ்சிக் கோப்பையை வென்ற தமிழ்நாட்டு அணியில் இடம்பெற்றார். இந்திய அணியில் ஆடியபோது தம் பாய்ச்சலால் இளைஞருக்கு முன்மாதிரியாகத் திகழ்ந்தார். பிறந்த மண்ணின் ஆட்டமுறை அவரோடு சென்னைக்கு வந்து இந்திய அணியையும் அடைந்தது எனலாம்.

அவருக்குப் பின் டிரெவர் பென்னி பணியாற்றினார். 2014 முதல் 2021 வரை ஆர். ஸ்ரீதர் அப்பொறுப்பில் இருந்தார். ஹைதராபாத் அணிக்காக இடக்கைச் சுழற்பந்து வீசிய ஸ்ரீதர், இந்தியாவுக்காக ஒருமுறையேனும் ஆடியவர் அல்லர். 2017இல் கஹுஞ்சேயில் பந்துகள் நழுவியபோதும் 2019இல் சாஹா பாய்ந்து பிடித்தபோதும் பயிற்சியாளர் இவரே. பயிற்றுநர் ஒருவர் வந்த மறுநாளே பிழைகள் மறைந்துவிடுவதில்லை என்பதை இது உணர்த்துகிறது.

2021 இறுதியில் டி. திலீப் அப்பணியை ஏற்றார். 2023 உலகக் கோப்பையின்போது அவர் ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கினார். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் சிறந்த களத்தடுப்பாளர் ஒருவருக்கு அணியின் ஓய்வறையில் பதக்கம் அணிவிக்கப்பட்டது. கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் வீரர்கள் அந்தச் சிறு பதக்கத்துக்காகக் குழந்தைகளைப் போல் காத்திருந்தனர். ஜடேஜா கஹுஞ்சேயில் கழுத்தைச் சுட்டிக் காட்டியதன் பொருள் இதுவே. அன்றைய பதக்கம் அவருக்கே கிடைத்தது. ஆட்ட ஏடு எழுத மறந்ததை ஓய்வறை எழுதத் தொடங்கியது.

பயிற்சியின் முறை

களத்தடுப்புப் பயிற்சி மூன்று பகுதிகளைக் கொண்டது.

முதற்பகுதி கைகளுக்குரியது. பந்து கையை அடையும் வரை கண் அதை விட்டு அகலக் கூடாது. பந்து வரும் திசையிலேயே கை சற்றுப் பின்வாங்கி அதை ஏற்க வேண்டும். விறைத்த கையில் பட்ட பந்து எகிறி விழும். உயரே எழுந்த பந்தைப் பிடிப்பதில் இரு மரபுகள் உண்டு. உள்ளங்கைகளை ஏந்தி, விரல்களை முன்னே நீட்டி மார்பருகே எடுப்பது இங்கிலாந்து முறை. விரல்களை மேல்நோக்கி வைத்து, உள்ளங்கைகளைப் பந்தை நோக்கி விரித்து முகத்துக்கு முன்னே எடுப்பது ஆஸ்திரேலிய முறை. இரண்டாவதில் கண்ணும் கையும் ஒரே கோட்டில் அமைகின்றன. முதலாவதில் பந்து நழுவினாலும் மார்பில் தடுக்க மீண்டும் ஒரு வாய்ப்புண்டு. எது சிறந்தது என்னும் விவாதம் இன்னும் முடியவில்லை.

இரண்டாம் பகுதி எறிதலுக்குரியது. ஒற்றைக் குச்சியை நட்டுப் பல கோணங்களிலிருந்து அதை அடிக்கப் பழக்குவர். மூன்று குச்சிகள் இருப்பினும் பக்கவாட்டில் நிற்பவருக்கு ஒன்றே தெரியும் என்பதால் இப்பயிற்சி தேவைப்படுகிறது. மான்செஸ்டரில் கப்டிலுக்குத் தெரிந்த இலக்கும் அத்தகையதே.

மூன்றாம் பகுதி மனத்துக்குரியது. ஒரு நாள் முழுதும் நின்றும் ஒரே ஒரு பிடி வரலாம். அதுவும் மாலையில் கடைசி ஓவரில் வரலாம். ஒவ்வொரு பந்துக்கும் அது தன்னிடமே வரும் என்று எண்ணி நிற்க வேண்டும். பிடித்த பின்னும் கவனம் சிதறக் கூடாது. 1999 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் ஹெர்ஷல் கிப்ஸ் 56 ரன் எடுத்திருந்த ஸ்டீவ் வாவின் பந்தைப் பிடித்தார். மகிழ்ச்சியில் அதை மேலே எறிய முயன்றபோது பந்து கைநழுவி விழுந்தது, பிடி செல்லவில்லை. வா 120 ரன் எடுத்து ஆஸ்திரேலியாவை வெற்றிபெறச் செய்தார். கிப்ஸ் அக்காலத்தின் மிகச் சிறந்த களத்தடுப்பாளருள் ஒருவர். அவர் கை தவறவில்லை. அரைக்கணம் அவர் மனம் முந்திக்கொண்டது.

ஒப்பிடும் முறை

அணிகளையும் வீரர்களையும் ஒப்பிடும்போது எண்ணிக்கையை மட்டும் நம்பலாகாது. ராகுல் டிராவிட் 164 டெஸ்ட் ஆட்டங்களில் 210 பிடிகள் எடுத்தார். அவர் ஓய்வு பெற்றபோது காப்பாளர் அல்லாதவருள் அதுவே உலகச் சாதனை. சோல்கர் எடுத்தவை 53. ஆனால், அவர் ஆடியவை 27 ஆட்டங்களே. ஆட்டத்துக்கு இத்தனை பிடிகள் எனக் கணக்கிட்டால் டிராவிடுக்கு 1.28, சோல்கருக்கு 1.96. இதனால் சோல்கரே சிறந்தவர் என்று முடிவுகட்டவும் இயலாது. நான்கு சுழற்பந்து வீச்சாளர் அவர் பக்கம் பந்தை அனுப்பிக்கொண்டே இருந்தனர்.

பிழைகளின் எண்ணிக்கையும் ஏமாற்றக்கூடியது. பந்தை எட்ட முயலாதவர் அதைத் தவறவிடுவதும் இல்லை. பத்து மீட்டர் ஓடிப் பாய்ந்து விரல்நுனியில் பந்தைத் தொட்டவர் மீது ‘பிடியைத் தவறவிட்டார்’ என்ற பழி விழுகிறது. நின்ற இடத்திலேயே நின்றவர் மீது எப்பழியும் இல்லை. ஆகவே, களத்தடுப்பாளரின் தரத்தை அளக்க விரும்புவோர் அவர் எத்தனை பந்துகளை எட்டினார் என்பதையும் காண வேண்டும். பயிற்சியாளரின் கண் அதைக் காண்கிறது, ஏடு காண்பதில்லை.

நிறைவாக

2024 ஜூன் 29 அன்று பார்படோஸ் தீவில் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதியாட்டம் நடைபெற்றது. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் தேவைப்பட்டது. முதல் பந்தை டேவிட் மில்லர் எல்லைக்கு மேலே அடித்தார். சூர்யகுமார் யாதவ் ஓடிவந்து பந்தைப் பிடித்தார். எல்லைக்கோட்டைக் கடக்கப்போவதை உணர்ந்து பந்தை மேலே எறிந்தார். வெளியே கால் வைத்து, மீண்டும் உள்ளே வந்து பிடித்தார். இந்தியா ஏழு ரன் வேறுபாட்டில் கோப்பையை வென்றது. நான்கு செயல்களைச் சில விநாடிகளில் செய்த அவருக்கு அங்கே சிந்திக்க நேரமில்லை. பயிற்சிக் களத்தில் பலமுறை செய்ததையே உடல் மீண்டும் செய்தது.

மட்டை வீசுவதற்கு உயர்ந்த மட்டை வேண்டும். பந்து வீசுவதற்குத் தனித் திறன் வேண்டும். களத்தடுப்புக்குச் சுவர் ஒன்றும் டென்னிஸ் பந்து ஒன்றும் போதும். சுவரில் எறிந்து திரும்பி வரும் பந்தை நாள்தோறும் நூறு முறை பிடிக்க எவரும் தடை சொல்வதில்லை. எவர் அனுமதியும் தேவையில்லை. மட்டை மறுக்கப்பட்ட காலத்திலும் பந்தைத் தம் திறமைக்குரிய கருவியாக்கிக் கொண்டவர் பல்வங்கர் பாலு. எல்லைக்கோட்டருகே தனியே நிற்கும் மாணவரும் ஆட்டத்துக்கு வெளியே நிற்கவில்லை. ஆட்டத்தின் முடிவு அடுத்த பந்தில் அவரை நோக்கியே வரக்கூடும்.

சொல்லும் பொருளும்

களத்தடுப்பு – பந்தைத் தடுத்தல், பிடித்தல், எறிதல் ஆகிய பணிகள்
ஏவலர் – கட்டளைப்படி வேலை செய்வோர்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
துல்லியம் – சிறிதும் பிழையின்மை
வம்சாவளி – பரம்பரை
சைகை – உடலசைவால் குறிப்பு உணர்த்துதல்

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஏக்நாத் சோல்கர் நின்ற இடம் ______.
(எல்லைக்கோடு / ஷார்ட் லெக் / ஸ்லிப்)

2. ஆஸ்திரேலிய அணி களத்தடுப்புக்குப் பாடம் கற்ற விளையாட்டு ______.
(ஹாக்கி / கால்பந்து / பேஸ்பால்)

ஆ. பிரித்து எழுதுக.

1. களத்தடுப்பு 2. எல்லைக்கோடு 3. ஆட்டமிழந்து

இ. செயப்பாட்டு வினைத் தொடராக மாற்றுக.

எடுத்துக்காட்டு: சாஹா பந்தைப் பிடித்தார். – பந்து சாஹாவால் பிடிக்கப்பட்டது.

1. கப்டில் பந்தை எறிந்தார்.
2. பயிற்சியாளர் பதக்கம் அணிவித்தார்.

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. ஆட்ட ஏட்டின் குறையாக இப்பாடம் எதனைக் கூறுகிறது?
2. ஷார்ட் லெக்கில் நிற்பவர் பந்தைப் பார்த்த பின் கையை நீட்டினால் ஏன் பிடிக்க முடியாது?
3. ஜடேஜா தம் கழுத்தைச் சுட்டிக் காட்டியது ஏன்?

உ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.

1. உயரே எழுந்த பந்தைப் பிடிக்கும் இரு முறைகளையும் ஒப்பிடுக.
2. ‘பந்தை எட்ட முயலாதவர் அதைத் தவறவிடுவதும் இல்லை’ – இத்தொடரின் கருத்தை உங்கள் வாழ்வில் கண்ட ஒரு நிகழ்ச்சியோடு பொருத்தி எழுதுக.

ஊ. செயல்பாடு

உங்கள் பள்ளியில் நடைபெறும் ஓர் ஆட்டத்தைக் கவனித்து, ஆட்ட ஏட்டில் இடம்பெறாத ஐந்து நற்செயல்களைப் பட்டியலிடுக. அவற்றைச் செய்தவர்களின் பெயர்களையும் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.